ஒன்று புள்ளி எட்டு

வகுத்தால் எண்பது. வகுக்காமல் விட்டால் இந்த மனிதர்.

காலையிலிருந்து நளாயினியின் மனம் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்து நான்கை ஒன்று புள்ளி எட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு. போன ஆடி மாதத்தில் அதை யாரும் போடவில்லை. போடாததன் பலன் எதிரே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இட்லியைத் தடுமாறும் விரல்களால் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தது. மாதேஸ்வரன். ஆறு வருடம் உறைந்து கிடந்து போன வாரம் கண் விழித்தவர். அவளுடைய கணவர். கணவர்தானா என்பதை நாளைக்கு அவள் சொல்ல வேண்டும்.

"சாம்பார்ல உப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அவர் நாக்கைச் சப்புக் கொட்டிப் பார்த்தார். "இல்லையாட்ட இருக்குது. பரவால்ல நளா, சூடா இருக்குதல்ல?"

உப்புப் போட வேண்டாமென்று கேண்டீனில் சொல்லி வைத்ததே அவள்தான். பழைய மாதேஸ்வரன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வரைக்கும் போயிருப்பார். சமையல்காரரையே அதைக் குடிக்கச் சொல்லியிருப்பார். இவர் கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதைப் பார்த்ததும் தனக்கும் சிரிப்பு வந்ததையும், அடுத்த கணமே அதை அடக்கிக்கொண்டதையும் நளாயினி கவனித்தாள். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்தாள். நிற்கவில்லை.

சூலூரைத் தாண்டி, நூற்பாலைகள் இருந்த இடத்தில் கட்டப்பட்ட, ஆட்களை உறையவைத்துக் காக்கும் அந்தத் தண்துயில் இல்லத்தில் இரண்டு கூடங்கள். கிழக்குக் கூடம் பணம் கட்டித் தூங்குகிறவர்களுக்கு. மேற்குக் கூடம் அரசுத் திட்டத்தில் வந்தவர்களுக்கு. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்து, கை கால் விளங்காமல் போகும் ஒரே நோய்க்காரர்கள் பதினான்கு பேர் மேற்கில் கிடந்தார்கள். மருந்து என்றைக்காவது வரும், அதுவரை உறைந்திருங்கள் என்றது அரசாங்கம். இந்த வருடம் மருந்து வந்துவிட்டது.

மாதேஸ்வரனும் திட்டத்தில் வந்தவர்தான். அவரை உள்ளே வைத்த பிறகு நளாயினி இங்கேயே வெப்பநிலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவளை அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திண்டாடினார்கள். பூ வைத்துக்கொண்டால் ஒரு பார்வை, வைக்காவிட்டால் ஒரு பார்வை. அவளோ தினமும் காலையில் மேற்குக் கூடத்தின் திரைக்கு முன்னால் நிற்பாள். 144 என்று எரியும். ஒரு தலையசைப்பு. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போவாள். அந்த ஆறு வருடங்களில்தான் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அறைக்கு வெளியே தெய்வானை அக்கா காத்துக்கொண்டிருந்தார். மாதேஸ்வரனின் மூத்த அக்கா. எழுப்புவதற்குச் சம்மதம் கொடுத்தது அவர்தான். நளாயினி பயிற்சிக்காகப் புனேக்குப் போயிருந்த வாரத்தில், உடன்பிறந்தவர் ஒருவர் கையெழுத்து போதுமென்று சொல்லி வாங்கிவிட்டார்கள்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாருங்க."

"குறை ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லீங்க அக்கா."

"பாத்தியா!" அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்ற தம்பி இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல அம்மிணி. எங்கப்பன் செத்தப்பகூட சண்டை போட்டவன். நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற? ஏதோ டிகிரி மாறிப் போச்சுன்னு அந்தப் பையன் முபாரக் உளர்றான். அதென்ன டிகிரி? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

நளாயினி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் நூத்தி ரெண்டும்பாரு, இன்னொருத்தர் முப்பத்தொன்பதும்பாரு. ரெண்டும் ஒரே காய்ச்சல்தானுங்களே? அது மாதிரிதான். குளிருக்கு ஒரு அடி இருக்குதுங்க. அதுக்குக் கீழ எறங்க முடியாது. அந்த அடியிலிருந்து மேல எண்ணிட்டு வர்றதுக்கு ரெண்டு அளவு வெச்சிருக்காங்க. கெல்வின் ஒண்ணு, ராங்கின் ஒண்ணு. ரெண்டுக்கும் பூஜ்யம் ஒரே எடம். எட்டு எடுத்து வெக்கறதுதான் வேற. பெரியவங்க அஞ்சு எட்டுல போற தூரத்தக் கொழந்தை ஒம்போது எட்டுல போகும் பாருங்க, அப்படி."

"சரி. அதுக்கு?"

"கிழக்குக் கூடத்துல கெல்வின். அங்க எண்பது வெச்சா நல்லாத் தூங்குவாங்க. மேற்குல இருந்ததெல்லாம் அமெரிக்காக்காரங்க வெச்சிருந்த பழைய தொட்டி. அதுல ராங்கின். அதே குளிருக்கு அங்க நூத்தி நாப்பத்தி நாலு. ஆடி மாசம் மேற்குலயும் புது கன்ட்ரோலர் மாட்டினாங்க. அது கெல்வின். ஆனா பழக்கத்துல நூத்தி நாப்பத்தி நாலுன்னே போட்டுட்டாங்க."

தெய்வானை அக்கா விரல்களைப் பார்த்தார். "அப்ப குளிர் கொறஞ்சு போச்சா?"

"கெட்டுப் போற அளவுக்கு இல்லீங்க. ஆனா ஒடம்பு கண்ணாடி மாதிரி கெட்டியா இருக்கோணும். இது கண்ணாடி எளகற எல்லைக்குப் பக்கத்துல. ஆடியிலிருந்து தை வரைக்கும் அப்படியே இருந்திருக்குது. மூளைக்குள்ள நூலுக்கு நூல் முடிச்சுப் போட்ட மாதிரி கோடிக்கணக்குல இருக்குதுங்க. அதுல எது நகந்துச்சு, எது நகரலைன்னு யாருக்கும் தெரியாது."

"என்னைத் தெரியுது. உன்னைத் தெரியுது. அவன் வெச்சிருந்த பட்டறையில எத்தனை லேத்து இருந்துச்சுன்னு சொல்றான். அப்புறம் என்னத்த நகந்துச்சு?" அக்கா எழுந்தார். "நாளைக்குப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு எங்க பையனைக் குடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

பேர் சொல்வது அந்த இல்லத்துச் சடங்கு, சட்டமும் அதுதான். எழுந்தவர் உடம்பு அதே உடம்பென்று மருத்துவர் சொல்லலாம். அதே ஆள் என்று யார் சொல்வது? அதனால் மணமானவர் என்றால் துணைவரோ துணைவியோ, பதிவு அதிகாரி முன்னிலையில் மூன்று முறை பேர் சொல்லி அழைக்க வேண்டும். அழைத்த பிறகுதான் அந்த ஆள் சட்டப்படி திரும்பி வந்தவர். வாழ்நாளில் கணவர் பேரை உச்சரித்திராத பெண்கள், முதல் நாள் தாழ்வாரத்தில் நின்று ஒத்திகை பார்ப்பார்கள். பேரின் பாதியில் சிரிப்பு வந்துவிடும், மிச்சப் பாதியில் அழுகை.

முபாரக் கட்டுப்பாட்டு அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கன்ட்ரோலரில் எண்ணை அடித்தவன் அவன். தவற்றைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் அவனேதான். மேற்கில் ஒரு பழைய உணர்கருவியை மாற்றும்போது கிழக்கும் மேற்கும் ஒரே திரையில் வந்து நின்றிருக்கின்றன. எண்பது, நூற்று நாற்பத்து நான்கு. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே எழுத்து, K.

"எச்சரிக்கை மணியாச்சும் அடிச்சிருக்கோணுமேடா," என்றாள்.

"எப்படிக்கா அடிக்கும்? அதுக்கும் பழைய எண்ணையே போட்டேன். நூத்தம்பது." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "யாருக்கா இங்க அளவோட பேரைச் சொன்னோம்? கிழக்குன்னா எண்பது, மேற்குன்னா நூத்தி நாப்பத்தி நாலு. 'மேற்குல தடை உத்தரவு, நாலு பேருக்கு மேல கூடாதீங்க'ன்னு கதவுல நான்தான் எழுதி ஒட்டுனேன். எல்லாரும் சிரிச்சீங்க."

சிரித்தார்கள்தான். அவளும் சிரித்தாள். ஆறு மாதம் தினமும் அந்த எண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். எண் மாறவே இல்லை. புது கன்ட்ரோலரில் அது மாறியிருக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

"அக்கா, சொல்லிருங்கக்கா," என்றான் முபாரக், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு நீங்க பேரைச் சொல்லிட்டா எனக்கு வேலை இருக்கும், உங்களுக்கு அண்ணன் இருப்பாரு. இல்லேன்னா எனக்கு இந்த ஊர்ல ஐஸ்கிரீம் கடையிலகூட வேலை குடுக்க மாட்டாங்க. ஃப்ரீசரை அணைச்சுருவேன்னு பயப்படுவாங்க."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் மறுபடி நகத்தைக் கடித்தான். நளாயினி அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

டாக்டர் ஹேமலதா அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இல்லத்தின் இயக்குநர். கெட்டவர் இல்லை. மேற்குக் கூடத்துக்கு அரசு தரும் தொகை நின்றுபோன இரண்டு வருடங்களிலும் எவரையும் வெளியே எடுக்காமல் காப்பாற்றியவர் அவர்.

"உக்காருங்க நளாயினி. காபி?"

"வேண்டாம் மேடம்."

"சுத்தி வளைக்காமச் சொல்றேன். நாளைக்கு நீங்க கூப்பிட்டீங்கன்னா, அடுத்த வாரம் மத்த பதிமூணு பேரையும் எழுப்பிருவோம். மருந்து இருக்கு, நடப்பாங்க, வீட்டுக்குப் போவாங்க. பதிமூணு வீட்ல பொங்கல். நீங்க கூப்பிடலைன்னா விசாரணை வரும். மேற்குக் கூடத்தைப் பூட்டி வெப்பாங்க. எத்தனை வருஷம்னு யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரங்ககிட்ட நடந்ததைச் சொல்லிட்டு எழுப்பலாமுங்களே மேடம். அவங்களே முடிவு பண்ணட்டும்."

"சொன்னா யாரு சம்மதிப்பா?"

"அதனாலதான் சொல்லோணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்ப எண்பதுக்குக் கொண்டுவந்துட்டோம். இனி ஒண்ணும் நகராது. ஆனா நகந்ததைச் சரி பண்ற வித்தை எப்ப வருமோ, வராமலே போகுமோ. உங்க வீட்டுக்காரரைப் பாருங்க. பேசறாரு, சிரிக்கிறாரு. கொஞ்சம் சாந்தமாயிட்டாரு. ஆறு வருஷம் முழிச்சே இருந்தாலும் மனுஷன் மாறத்தானே செய்வான்? நீங்க மாறலையா?"

மாறியிருக்கிறேன் என்று நளாயினி மனதுக்குள் சொன்னாள். ஆனால் நான் மாறும்போது கூடவே இருந்தேன்.

அன்று பிற்பகல் முழுக்க அவள் ஒரு விகிதத்தைத் தேடினாள். கெல்வினை ராங்கின் ஆக்கும்போது எதுவும் தொலைவதில்லை. எல்லாம் ஒரே அளவில் சுருங்கும், ஒரே அளவில் விரியும். பெருக்கினால் பழையது திரும்பி வந்துவிடும். இவரிடமும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நம்ப ஆசைப்பட்டாள். பழைய கோபம் ஒன்பது என்றால் இப்போது ஐந்து. பழைய பிரியம் ஒன்பது என்றால் அதுவும் ஐந்து. அப்படியானால் இவர் அவர்தான், எட்டு மட்டும் வேறு. ஒரு வருடம் பழகினால் தன் மனமே பெருக்கிப் புரிந்துகொள்ளும். கல்யாணமான புதிதில் அவருடைய கத்தலை வகுத்து வகுத்துத்தானே அவள் வாழப் பழகினாள்? 'சாப்பிட வர முடியுமா முடியாதா' என்ற சத்தத்தை வகுத்தால் 'தனியா சாப்பிடப் பிடிக்கல' என்று வரும். இப்போது பெருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதிலென்ன கஷ்டம்?

இதைவிடச் சுலபமான வாழ்க்கை கிடைக்குமா என்று ஒரு குரல் கேட்டது. உனக்கு இவரைத்தானே பிடிக்கிறது என்றது அதே குரல். பொய்யாக இருந்திருந்தால் மறுத்திருப்பாள்.

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்து விரல்கள் அசைந்தன. வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். அவர் மரத்தைப் பார்த்து, "நல்லா இருக்குது," என்றார். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "இதும் நல்லா இருக்குது," என்றார். அதே குரலில்.

நளாயினி அவர் முன்னால் புல்லில் உட்கார்ந்தாள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பாப்பாவை ஞாபகம் இருக்குதுங்களா?"

"பாப்பாவா? இருக்குதே. ஏழாம் மாசம் பொறந்துது. பொண்ணு. அன்னைக்குப் பொழுதோட போயிருச்சு." அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், உதவி செய்கிறவரின் முகத்தோடு. "வெளிய மழை. ஆஸ்பத்திரி கேண்டீன்ல போண்டா போட்டான் பாரு, தேங்கா போட்டு. நல்லா இருந்துச்சு."

அன்று அந்த அறையில் அவர் குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதென்று நர்ஸ் சொன்ன பிறகும் கொடுக்கவில்லை. "ஏசியை அணைங்கடா, புள்ளைக்குக் குளுருது, அணைங்கடா," என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கண்ணாடிக் கதவை உதைத்தார். தன் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார். அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் கிடந்தார்கள். அவளுடைய துக்கத்தின் எட்டு சின்னது, அவருடையது பெரியது. இருந்தாலும் இரண்டும் தொடங்கிய இடம் ஒன்று. அந்த இடத்தை நம்பித்தான் அந்தக் கத்தலையெல்லாம் அவள் வகுத்தாள்.

"அன்னைக்கு நீங்க என்ன பண்ணுனீங்க?"

"கத்துனேன். சட்டை போட்டு மூடுனேன். எதுக்கு அப்படிக் கத்துனேனோ தெரியல." சிரித்தார். "நர்ஸம்மா பாவம், பயந்திருச்சு."

தேதி இருந்தது, மழை இருந்தது, சட்டை இருந்தது. ஒன்றும் தொலையவில்லை. அதற்கு எதிரே எழுத வேண்டிய எண் மட்டும் பூஜ்யமாக இருந்தது. ஐந்தையோ இரண்டையோ அவளால் பெருக்கிக்கொள்ள முடியும். இதை எதால் பெருக்குவது?

"ஏன் நளா அழுகற?"

"கண்ணுல தூசிங்க."

"ஊதட்டுமா?" என்றார். முன்னால் குனிந்து, இன்னும் முழுதாக விளங்காத விரல்களால் அவள் இமையைப் பிடித்து, அக்கறையோடு ஊதினார். அந்த மூச்சு வெதுவெதுப்பாக இருந்தது. இவரை வெறுக்க வழியில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் டாக்டர் ஹேமலதாவின் அறையில் எல்லோரும் கூடினார்கள். பதிவு அதிகாரி கேமராவைச் சரிசெய்தார். தெய்வானை அக்கா தம்பிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். முபாரக் கதவோரம் நின்றான். மாதேஸ்வரன் முன்னால் ஒரு டம்ளரில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொருவரையும் பார்த்து ஒரே மாதிரி புன்னகைத்தார்.

"அம்மா, நீங்க ஆரம்பிக்கலாம்," என்றார் பதிவு அதிகாரி. "மூணு முறை. நிறுத்தி, நிதானமா."

"வெக்கப்படாத அம்மிணி," என்றார் தெய்வானை அக்கா. "சாமி பேருதான். கோயில்ல சொல்ற மாதிரி சொல்லு."

நளாயினி எழுந்து நின்றாள். கால் ஆடவில்லை. அதை அவளே வியப்போடு கவனித்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மருந்து குடுத்து, நடக்க வெச்சு, நல்லாப் பாத்துக்கறேன். ஆனா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடப் போறதில்லீங்க."

தெய்வானை அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏய், என்ன பேசற நீ? உசுரோட இருக்கறவனைப் பேரில்லாம ஆக்கறியா?" டாக்டர் கையை உயர்த்தி அவரை அமர்த்தினார். முபாரக் தரையைப் பார்த்தான். இந்தச் சத்தங்கள் எதுவும் நளாயினிக்கு எட்டவில்லை. அவள் எதிரே இருந்தவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்துக்கொண்டிருந்தாள். ஊரறிய, கேமரா முன்னால், கட்டிய பெண்டாட்டி முகத்துக்கு நேராகச் சொன்னதைக் கேட்டு அந்தக் கை மேசையை ஓங்கி அறைய வேண்டும். டீ தெறிக்க வேண்டும். 'என்ன புள்ள நெனச்சுட்டிருக்கற மனசுல?' என்று அந்தக் கூரை அதிர வேண்டும். ஒரே ஒரு முறை. அது மட்டும் வந்துவிட்டால் மூன்று முறை என்ன, தொண்டை வறளும்வரை கூப்பிடுவாள். பதிமூன்று வீட்டாரின் காலிலும் விழுந்து எழுப்பச் சொல்வாள். கத்துங்க, என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஒரு தடவை கத்துங்க.

அவர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"சரி நளா," என்றார். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல."

டாக்டர் ஹேமலதாதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"நளாயினி, யோசிச்சுப் பாருங்க. இன்னும் பதிமூணு பேரு உள்ள இருக்காங்க."

"அவங்க தூங்கட்டும் மேடம். அவங்க வீட்ல இருந்து ஆளுங்க வரட்டும். என்ன நடந்துச்சுன்னு நானே உக்கார வெச்சுச் சொல்றேன்."

"கடைசியாக் கேக்கறேன். கேமரா ஓடிட்டு இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க."

அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்த டீ டம்ளரை நளாயினி எடுத்தாள். சூடு பார்த்தாள். அவர் விரல்களுக்குள் வைத்து, பிடி இறுகும்வரை தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேங்க," என்றாள்.